தேதி போட்டு எழுதிய எடை

கும்பகோணம் ரயில் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், ஒரு நாளைக்குக் குறைந்தது ஐம்பது உருப்படியாவது எடை போடுவேன். வெற்றிலைக் கூடை, பித்தளைப் பாத்திரம் கட்டிய சாக்கு, சைக்கிள், சில சமயம் ஆட்டுக்குட்டிகூட வரும். எடையை வாயால் சொன்னால் போதாது. தேதி, உருப்படி, எடை, குறிப்பு என்று பதிவேட்டில் கட்டம் கட்டமாக எழுத வேண்டும். குறிப்புக் கட்டத்தில் ‘கூடை நனைந்திருக்கிறது’, ‘கட்டு தளர்ந்திருக்கிறது’ என்றெல்லாம் எழுதுவோம். நனைந்த கூடைக்கும் காய்ந்த கூடைக்கும் இரண்டு மூன்று கிலோ வித்தியாசம் வந்துவிடும். அதை எழுதாமல் விட்டால், சரக்கு போய்ச் சேரும் ஊரில் எடை குறைகிறது என்று தகராறு கிளம்பும்.

இப்படி ஊரார் சரக்கையெல்லாம் எடை போட்ட நான், என் உடம்பை எடை பார்த்தது விளையாட்டுக்குத்தான். பிளாட்பாரத்தில் காசு போட்டு எடை பார்க்கும் இயந்திரம் நிற்குமே, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஏறி நின்றால் கலர் விளக்குகள் கண் சிமிட்டும், வட்டத் தட்டு சுற்றும். காசைப் போட்டால் ‘டக்’கென்று ஓர் அட்டை விழும். ஒரு பக்கம் சினிமா நட்சத்திரத்தின் படம், மறு பக்கம் எடையும் பலனும். பலனைத்தான் முதலில் படிப்போம். எடையை யார் பார்த்தார்கள்? அட்டை சட்டைப் பையிலேயே கிடந்து, துவைக்கும்போது கரைந்து போகும்.

இதை இன்று எழுதக் காரணம் என் அண்ணன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் இளைக்க ஆரம்பித்தார். நல்ல பருமனான ஆள். கல்யாண வீடுகளில் பார்த்தவர்கள் எல்லாம், “என்ன அண்ணாச்சி, நல்லா இளைச்சிருக்கீங்களே, வாக்கிங் போறீங்களா?” என்று கேட்டார்கள். அவருக்கும் பெருமைதான். நானும் பாராட்டினேன். சாப்பாடு இறங்கவில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மாசத்துல எத்தனை கிலோ குறைஞ்சிருக்கு?” நானும் அண்ணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணி சட்டென்று அண்ணனின் பெல்ட்டைக் காட்டினார். கடைசித் துளைக்கு அப்பால் அண்ணனே ஆணியால் போட்டுக்கொண்ட துளைகள் நான்கு இருந்தன. எங்களிடம் இருந்த பதிவேடு அது ஒன்றுதான். அதில் தேதி கிடையாது.

வயிற்றில் புற்று. எட்டு மாதத்தில் போய்விட்டார். முன்னாடியே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நாற்பது வருஷம் எடைப் பதிவேடு எழுதிய ஒருவன், சொந்த அண்ணன் விஷயத்தில் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது. அதற்குப் பிறகுதான், மனிதர்கள் தங்கள் எடையைக் குறித்து வைக்கும் வழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அகப்பட்டவர் சாந்தோரியோ என்ற இத்தாலிய மருத்துவர். 1561-ல் பிறந்து 1636-ல் இறந்தவர். பதுவை அந்தோணியார் என்கிறோமே, அந்தப் பதுவை நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்தார். ஒரு பெரிய வெள்ளிக்கோலில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்தே சாப்பிடுவார். சாப்பிட வேண்டிய அளவு முடிந்ததும் நாற்காலி சற்றுக் கீழே இறங்கும். போதும் என்று அர்த்தம்! உண்டது, குடித்தது, கழிவாக வெளியேறியது எல்லாவற்றையும் பல ஆண்டுகள் நிறுத்துப் பார்த்து, 1614-ல் லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார்.

கணக்குப் போட்டபோது அவருக்கு ஓர் ஆச்சரியம். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் இடையே பெரிய துண்டு விழுந்தது. ஒரு நாளில் 8 பவுண்டு உணவும் பானமும் உட்கொண்டால், அதில் சுமார் 5 பவுண்டு கண்ணுக்குத் தெரியாமலே தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போய்விடுகிறது என்று எழுதினார். அந்த அளவை இன்றைய மருத்துவம் அப்படியே ஏற்காது. ஆனால் உடம்பின் எடை நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது என்பது அவர் தராசு காட்டிய உண்மை. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறி நின்றால் ஒரு கிலோ கூடத்தான் காட்டும். நனைந்த வெற்றிலைக் கூடை மாதிரிதான் நாமும்.

அடுத்தது லண்டன் செயிண்ட் ஜேம்ஸ் தெருவில் ஒரு கடை. 1698-ல் மளிகைக் கடையாகத் தொடங்கி, பின்னாளில் பெர்ரி பிரதர்ஸ் என்ற மது வணிக நிறுவனமாகப் பெயர் பெற்றது. காப்பிக்கொட்டை மூட்டை நிறுக்கும் பெரிய தராசு அங்கே இருந்தது. 1765 முதல் வாடிக்கையாளர்கள் அதில் உட்கார்ந்து எடை பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் அதைப் பேரேட்டில் பெயரோடும் தேதியோடும் எழுதி வைத்தார். கவிஞர் பைரன் 1806-ல் அங்கே நிறுத்தபோது 194 பவுண்டு, அதாவது 88 கிலோ. அந்தப் பேரேட்டில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பூட்ஸ் போட்டிருந்தாரா, தொப்பி இருந்ததா என்பதும் எடைக்குப் பக்கத்தில் குறிக்கப்பட்டிருக்கும். எங்கள் பார்சல் ஆபீஸ் குறிப்புக் கட்டமேதான்!

அதே தெருவில் 27-ஆம் எண்ணில் தொழில் நடத்தியவர் வில்லியம் பாண்டிங். சவப்பெட்டி செய்வது, இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்வது குடும்பத் தொழில். அரச குடும்பத்துச் சாவுகளுக்கே அவர்கள்தான் ஏற்பாடு. ஓய்வு பெற்றபோது அவருடைய கவலை உடம்புதான். உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 202 பவுண்டு, ஏறக்குறைய 92 கிலோ. குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாது. மாடிப்படியில் முட்டி வலிக்குப் பயந்து பின்பக்கமாக மெதுவாக இறங்குவார்.

அவர் செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. படகு வலித்தார், பசிதான் அதிகமானது. குதிரைச் சவாரி செய்தார், கடற்காற்று வாங்கினார், ஊற்று நீருக்குப் பேர்போன ஊர்களுக்குப் போனார். துருக்கிய வெந்நீராவிக் குளியல் தொண்ணூறு வரை எடுத்தும் 6 பவுண்டுதான் குறைந்தது. கடைசியில் காது சரியாகக் கேட்கவில்லை என்று ஹார்வி என்ற மருத்துவரிடம் போனார். காதுக்கும் கொழுப்புக்கும் தொடர்பு உண்டு என்று கருதிய ஹார்வி, ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். அது 1862 ஆகஸ்ட்.

மறு ஆண்டு பாண்டிங் தன் அனுபவத்தைச் சிறு புத்தகமாகத் தன் செலவிலேயே அச்சடித்துக் கொடுத்தார். அது பரபரப்பாகப் பேசப்பட்டது. அவர் பெயரே ஆங்கிலத்தில் ‘உணவைக் கட்டுப்படுத்தி இளைப்பது’ என்ற வினைச்சொல்லானது. ஸ்வீடன் மொழியில் இன்றும் அதற்கு ‘பாண்டா’ என்றுதான் சொல். இறைச்சி மிகுந்த அவருடைய சாப்பாட்டை நான் சிபாரிசு செய்யவில்லை. நம் வயசுக்கும் வழக்கத்துக்கும் நம் டாக்டர் சொல்வதுதான் சரி. என்னைப் பிடித்து நிறுத்தியது புத்தகத்தில் இருந்த எடைப் பட்டியல்.

தொடங்கிய ஆகஸ்டில் 202 பவுண்டு. செப்டம்பர் 7 அன்று 200. வாயைக் கட்டி இருந்ததற்கு முதல் தடவை குறைந்தது இரண்டே பவுண்டு, ஒரு கிலோகூட இல்லை. அதற்கப்புறம் ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒரு முறை நிறுத்து எழுதுகிறார். ஒரு தடவை 4 பவுண்டு குறைகிறது, பல தடவை 3 பவுண்டு, குளிர்கால மாதங்களில் 2 பவுண்டு. 1863 ஆகஸ்ட் 26 அன்று 156 பவுண்டு. மொத்தம் குறைந்தது 46 பவுண்டு, சுமார் 21 கிலோ. நம் பழைய கணக்கில் பதினைந்து வீசைக்குக் கொஞ்சம் கம்மி.

எடையோடு அவர் நிறுத்தவில்லை. இடுப்புச் சுற்றளவு தையல்காரர் கணக்கில் 12¼ அங்குலம் குறைந்தது என்றும் எழுதினார். மாடிப்படியில் எல்லோரையும் போல முன்பக்கமாக இறங்க முடிகிறது என்றும் எழுதினார். தராசு, டேப், மாடிப்படி என்று மூன்று சாட்சிகள். மருத்துவர்கள் பலர் அவரைக் கேலி செய்தாலும், தேதி போட்ட அந்தப் பட்டியலை ஊர் நம்பியது. 1878-ல், எண்பது தாண்டிய வயசில்தான் இறந்தார்.

அவருக்குப் பிறகு வந்தவர்களும் இதையேதான் செய்தார்கள். நியூயார்க்கில் ஜீன் நிடெட்ச் என்ற குடும்பத் தலைவி 214 பவுண்டிலிருந்து 142-க்கு இறங்கி, 1963-ல் ‘வெயிட் வாட்சர்ஸ்’ அமைப்பைத் தொடங்கினார். அங்கே வாரம் ஒரு முறை எடை பார்த்து அட்டையில் எழுதுவார்கள். இன்று டாக்டர்கள் சொல்லும் ‘பிஎம்ஐ’ கணக்குக்கு வித்திட்டவர் பெல்ஜியத்துக் கணித அறிஞர் கெத்லே. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்த முறையை 1830-களிலேயே சொன்னார். அவர் கணக்குப் போட்டது மக்கள் கூட்டத்துக்கு. 1972-ல்தான் அதற்கு இன்றைய பெயர் வந்தது. அந்த ஒற்றை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருடைய உடம்பை அளந்துவிட முடியாது.

இனி என் கதை. போன வருஷம் சர்க்கரையும் முழங்கால் வலியும் சேர்ந்துகொள்ள, டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். 84 கிலோ இருந்தேன். பேரன் ஒரு டிஜிட்டல் எடை மெஷின் வாங்கிக் கொடுத்தான். காலையில் ஏறுவேன், மாலையில் ஏறுவேன். முந்தின நாள் 83.6, மறு நாள் 84.3. ‘ராத்திரி இரண்டு இட்லிதானே சாப்பிட்டேன்’ என்று அதன் மேலேயே கோபம் வரும். பத்து நாளில், போதுமடா சாமி என்று அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அப்போதுதான் பாண்டிங் பட்டியல் நினைவுக்கு வந்தது. முதல் தடவை இரண்டே பவுண்டு குறைந்தும் விடாத மனிதர்! நானும் ஒரு நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, காலையில் பாத்ரூம் போய் வந்தபின், காப்பிக்கு முன்னால், அதே வேட்டியோடு, அதே இடத்தில் வைத்த மெஷினில் நிற்பது. பிறகு தொப்புளுக்கு நேராக டேப் வைத்து இடுப்பளவு. மொட்டை மாடிக்குப் போகும் பதினெட்டுப் படியில் எத்தனை முறை நின்றேன் என்பது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்பது. இந்தக் கடைசியைச் சேர்க்கச் சொன்னது டாக்டர். நம் வயசில் அவசரமாக இளைத்தால் கொழுப்போடு சேர்ந்து சதைப் பலமும் போய்விடுமாம்.

முதல் மூன்று வாரத்தில் குறைந்தது 700 கிராம். ஒரு தடவை 400 கிராம் ஏறியது. குறிப்பில் ‘பேத்தி கல்யாணம், நாலு நாள் விருந்து’ என்று இருக்கிறது. பத்து மாசம் கழிந்து இப்போது 78 கிலோ. இடுப்பு 41 அங்குலத்திலிருந்து 38. படியில் இரண்டு இடத்தில் நின்றவன் இப்போது நிற்காமல் ஏறுகிறேன்.

நோட்டில் இன்னொரு கட்டமும் உண்டு: ‘முயற்சியாலா, தானாகவா?’ இதுவரை எல்லா வரியிலும் ‘முயற்சி’ என்றுதான் எழுதியிருக்கிறேன். தானாகக் குறைந்தால் அது சந்தோஷச் செய்தி இல்லை. முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாசம், ஒரு வருஷத்துக்குள் இருபதில் ஒரு பங்கு எடை குறைந்தால், அதாவது 70 கிலோ ஆளுக்கு மூன்றரைக் கிலோ, டாக்டரிடம் போய்விட வேண்டும் என்கிறது மருத்துவம். அண்ணனின் பெல்ட்டில் நான்கு துளை. நாங்கள் முதல் துளைக்கே தேதி போட்டிருக்க வேண்டும்.

ஆகையால் நண்பர்களே, இளைக்க நினைப்பவர்கள் மட்டுமல்ல, அந்த எண்ணமே இல்லாதவர்களும் மாதம் ஒரு தடவை எடை பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். காலண்டர் தாளின் ஓரம் போதும். அடுத்த முறை யாராவது, “நல்லா இளைச்சிருக்கீங்களே” என்று சொன்னால், சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அந்தத் தாளை ஒரு தடவை பாருங்கள்.

என் மெஷின் இப்போது கட்டிலுக்கு அடியில் இல்லை, அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அண்ணிக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் அவர் எழுதிய முதல் வரியின் குறிப்பு: ‘கண்ணாடி வளையல் ஆறு போட்டிருந்தேன்.’