அரை அங்குலமும் 13 மில்லிமீற்றரும் ஒன்றல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். கராஜில் வேலை செய்யும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

வாப்பாவின் மொரிஸ் மைனர் 1000 கார் இன்னும் எங்கள் வீட்டில் நிற்பது ஊரில் பலருக்குத் தெரியும். மேட்டில் ஏறும்போது என்ஜின் கத்தும், கார் நகராது. கிளச் தட்டு தேய்ந்துவிட்டது. போன சனிக்கிழமை என்னிடம் வரலாறு படித்த ஒரு பிள்ளையின் கராஜில் கொண்டுபோய் விட்டேன்.

மைனரில் கிளச் மாற்றுவதென்றால் கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டும், அல்லது என்ஜினைத் தூக்க வேண்டும். அவன் கியர்பொக்ஸ் பக்கமாகப் போனான். காருக்குள் கார்ப்பெட்டை எடுத்து, தரையிலிருக்கும் மூடியைக் கழற்றினால் கியர்பொக்ஸ் கண்ணுக்குத் தெரியும். கீழ்ப் பக்கத்துப் போல்ட்டுகள் எல்லாம் வந்துவிட்டன. மேலே ஒன்று மட்டும் வரவில்லை. கை போகுது, ஆனால் ஸ்பேனரைத் திருப்ப இடமில்லை. கஷ்டப்பட்டு 13 மில்லிமீற்றர் ஸ்பேனரை மாட்டித் திருப்பினால் வழுக்குது. டோர்ச் அடித்துப் பார்த்தோம். போல்ட்டின் தலை மூலைகள் ஏற்கனவே மழுங்கியிருந்தன. முன்பு யாரோ இதே 13ஐப் போட்டு இழுத்திருக்கிறார்கள்.

"சேர், வெட்டித்தான் எடுக்கணும் போல" என்றான் பிள்ளை.

எனக்குப் பயம் பிடித்தது. கியர்பொக்ஸின் முன்கூடு அலுமினியம். உளி தவறிப் பட்டுக் காது உடைந்தால் வேறு கியர்பொக்ஸ்தான் தேட வேண்டும். இந்தக் காலத்தில் அதை எங்கே தேடுவது?

பிழை பிள்ளையுடையதல்ல. அந்தப் போல்ட்டின் தலை அரை அங்குலம். அதாவது 12.7 மில்லிமீற்றர். 13 ஸ்பேனர் அதில் உட்காரும், ஆனால் 0.3 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். லேசான போல்ட்டுக்கு அது போதும். இறுகிப்போன போல்ட்டில் அந்த 0.3தான் மூலையைத் தின்னும். இதே அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்பேனரும் உண்டு. பழைய பிரிட்டிஷ் 'விட்வர்த்' ஸ்பேனர். அதில் கால் என்று அடித்திருக்கும், ஆனால் வாய் ஏறக்குறைய 13.3 மில்லிமீற்றர். கண்ணால் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். மூன்றும் வேறு வேறு காலங்கள்.

முதலாவது காலம். 1800களின் தொடக்கத்தில் ஒரு பட்டறையில் செய்த போல்ட்டுக்கு மற்றப் பட்டறையின் நட்டு பொருந்தாது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதனுடைய நட்டு மட்டும்தான் ஜோடி. தொலைந்தால் புதிதாகச் செய்ய வேண்டும். ஜோசப் விட்வர்த் என்ற ஆங்கிலேய இயந்திரவியலாளர் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து அளந்து, அவற்றுக்குச் சராசரியான ஓர் அளவுமுறையை 1841இல் முன்வைத்தார். புரியின் கோணம் 55 பாகை. தன் சொந்த அளவை எல்லோர் மேலும் திணிக்காமல், எல்லோருடைய அளவையும் பார்த்து நடுவிலே ஒன்றை எடுத்தார். அதனால்தான் பலரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். அந்த முறையில் ஸ்பேனரின் இலக்கம் போல்ட்டின் தண்டு விட்டத்தைச் சொல்லும், தலையின் அகலத்தை அல்ல. கால் என்று அடித்த ஸ்பேனரின் வாய் அரை அங்குலத்தைவிடப் பெரிதாக இருப்பது இதனால்தான்.

1864இல் இரண்டு விடயங்கள் நடந்தன. அந்த டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு நம் நாட்டின் முதல் ரயில் ஓடியது. பிரிட்டிஷ் இயந்திரங்களோடு பிரிட்டிஷ் அளவுகளும் நம் பட்டறைகளுக்கு வந்தன. அதே ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் 60 பாகைப் புரியைப் பிரேரித்தார். வெட்டுவது இலகு என்று அமெரிக்கா அந்தப் பக்கம் போனது. ஐந்தே ஐந்து பாகை வித்தியாசம். அதைச் சரிசெய்ய உலகத்துக்கு 84 வருடம் எடுத்தது.

கண் திறக்க வைத்தது இரண்டாம் உலகப் போர். பிரிட்டிஷ் விமானங்களுக்கான ரோல்ஸ் ரொய்ஸ் மேர்லின் என்ஜினை அமெரிக்காவில் பெக்கார்ட் கம்பனி செய்தபோது, பிரிட்டிஷ் புரிகளை வெட்டும் கருவிகளையே முதலில் தாங்களே செய்ய வேண்டியிருந்தது. ஒரே பக்கம் நின்று போரிட்ட இரு நாடுகளின் நட்டும் போல்ட்டும் ஒன்றோடொன்று சேராது! போர் முடிந்த பிறகு, 1948 நவம்பர் 18இல், அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் வாஷிங்டனில் ஒரே புரிக்கு உடன்பட்டன. 'யுனிஃபைட்' என்று பெயர். கோணம் 60 பாகை, அளவு அங்குலத்தில்.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மொரிஸ் மைனர் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1906இல் உஸ்மானியப் பேரரசின் இஸ்மிர் நகரில் பிறந்தவர். 1922இல் அகதியாக வெளியேறிய குடும்பம். முதல் மைனர்களில் இருந்தது பழைய மொரிஸ் என்ஜின். மொரிஸ் என்ஜின்களின் கதையே விசித்திரம். 1923இல் மொரிஸ் வாங்கிய கொவென்ட்ரித் தொழிற்சாலை ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பனியுடையது. அங்கிருந்த இயந்திரங்கள் மீற்றர் அளவில் புரி வெட்டுபவை. ஆனால் ஆங்கிலேய மெக்கானிக்குகளிடம் இருந்தது விட்வர்த் ஸ்பேனர். ஆகவே புரி பிரெஞ்சு, தலை விட்வர்த் என்று பல வருடம் போல்ட் செய்தார்கள். 1952இல் மொரிஸும் ஒஸ்டினும் ஒன்றாகிய பிறகு மைனருக்கு ஒஸ்டினின் ஏ-சீரிஸ் என்ஜின் வந்தது. அதோடு யுனிஃபைட் புரியும் அரை அங்குலத் தலையும் வந்தன. எங்கள் காரின் பிடிவாதக்காரப் போல்ட் அந்த வம்சம்.

இனி நம் நாடு. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. இருந்த மைனரையும் ஒஸ்டினையும் எப்படியாவது ஓட்ட வேண்டிய நிலை. அப்போதுதான் நம் பாஸ்மார் ஒரு பார்ட்ஸும் இல்லாமல் பார்ட்ஸ் செய்யப் பழகினார்கள். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் ஜப்பான் வாகனங்கள் வந்து குவிந்தன. ஜப்பானின் போல்ட் எல்லாம் மில்லிமீற்றர். 10, 12, 14 என்று கராஜ்களின் பேச்சே மாறிவிட்டது. என் மாணவன் கற்ற அளவும் அதுதான். அவனுடைய பெட்டியில் அங்குல ஸ்பேனர் ஒன்றுகூட இல்லை.

ஆனால் பழைய அறிவு முழுதாகச் செத்துவிடவில்லை. 1990களில் அம்பலாங்கொடையில் ஒரு தொழிற்சாலை மைனருக்கான உதிரிப்பாகங்களைச் செய்து, இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மைனர் நிலையத்துக்கு அனுப்பியது. அவர்களுடைய காருக்கு நாம் பார்ட்ஸ் கொடுத்தோம்!

சரி, போல்ட்டுக்கு வருவோம். இரண்டு வருஷத்துக்கு முன் வாப்பாவின் சாமான் பெட்டியைப் பழைய இரும்புக்காரருக்குக் கிலோக் கணக்கில் கொடுக்கப் போனேன். உம்மாதான் "அது வாப்பாட கை பட்டது, கெடக்கட்டும்" என்று தடுத்தார். அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தோம். கறுத்த எண்ணெய்க்குள் அரை அங்குல சொக்கட் ஒன்று கிடந்தது. உள்ளே 12 மூலை அல்ல, ஆறு மூலை. ஆறு மூலை சொக்கட் போல்ட்டின் தட்டையான பக்கங்களைப் பிடிக்கும். மழுங்கிய தலைக்கு அதுதான் மருந்து.

இனி எட்டுவது எப்படி? என்ஜினுக்குக் கீழே பலகை வைத்து ஜக்கால் தாங்கிவிட்டு, கியர்பொக்ஸின் வாலைக் கொஞ்சம் இறக்கினான். மேலே இடைவெளி விட்டது. சொக்கட்டுக்குப் பின்னால் ஒரு யுனிவர்சல் ஜொயின்ட், அதற்குப் பின்னால் இரண்டு நீட்டுக் கம்பிகள், கடைசியில் ரச்செட். கியர்பொக்ஸுக்கு மேலால் பின்பக்கத்திலிருந்து போல்ட்டை எட்டினான். அந்த மடங்கும் மூட்டை ரொபர்ட் ஹூக் என்ற அறிஞர் 1670களில் சூரியனைப் பார்க்கும் கருவி ஒன்றுக்காக விவரித்தார். கழற்றி மாற்றும் சொக்கட்டுகளை 1920இல் அமெரிக்காவில் ஸ்னெப்-ஒன் கம்பனி விற்கத் தொடங்கியது. ஐந்து கைப்பிடி, பத்து சொக்கட், ஐம்பது கருவியின் வேலை.

இரவு முழுக்க எண்ணெய் ஊறவிட்டிருந்தோம். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் திருப்பினான், பிறகு கழற்றும் பக்கம். 'டக்' என்று ஒரு சத்தம். வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். கூடு தப்பியது.

பிள்ளை சொக்கட்டைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "சேர், இத வகுப்புல சொல்லித் தந்திருந்தா நான் வரலாறுல பாஸ் பண்ணிருப்பேன்" என்றான். சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் போகவில்லை. மன்னர்களின் ஆண்டுகளை அவனுக்கு மனப்பாடமாக்கக் கொடுத்தேன். அவன் கை தினமும் தொடப்போகும் வரலாற்றை நான் காட்டவே இல்லை. அவன் பரீட்சையில் தோற்றதில் என் பங்கும் இருக்கிறது.

அளவில் குறை வைப்பவர்களைப் பற்றி அல்குர்ஆனில் ஒரு சூறாவே இருப்பது நாம் அறிந்தது. அதை வியாபாரிகளுக்கு மட்டும் சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம். "ஏறக்குறைய சரி" என்று 0.3 மில்லிமீற்றரை விட்டவரும் ஒருவகையில் அடுத்து வருபவருடைய உரிமையில்தான் கை வைத்தார்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வாப்பா, மூத்தவாப்பாமார் விட்டுச்சென்ற சாமான் பெட்டிகளைக் கிலோவுக்குப் போடாதீர்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது 1960களின் கதைதான் திரும்பியது. அது இனியும் திரும்பலாம். வைத்திருக்க இடமில்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள். ஸ்பேனர்களை விட்வர்த், அங்குலம், மில்லிமீற்றர் என்று பிரித்து அடுக்கி, இந்தப் பிள்ளையின் கராஜ் சுவரில் மாட்டுவதாக இருவரும் பேசியிருக்கிறோம். பழைய பாஸ்மார் யாராவது வந்து பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலம் சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

கார் இப்போது மேடு ஏறுகிறது. வஸ்ஸலாம்.