பெயரில்லாக் கூட்டம்: ஊவாவின் கூட்டுக் கொலைகளும் அவை சொல்லப்பட்ட விதமும், 1958–2005

கொழும்பில் ஞாயிறு இரவு தொடங்கிய எரிப்பு ஊவா மாகாணத்துப் பதுளைக்கு வந்து சேர இரண்டு நாளுக்கு மேல் பிடித்தது. 1983 ஜூலை 27, புதன்கிழமை. முற்பகல் பத்தரை மணியளவில் பதுளை மணிக்கூட்டுக் கோபுரத்தின் முன்னால் தமிழர் ஒருவரின் மோட்டார் சைக்கிளுக்குத் தீ வைத்தார்கள். நண்பகலில் கடைவீதி எரிந்தது, அடுத்து வீடுகள். பதுளையில் வேலையை முடித்த கூட்டம் பறித்தெடுத்த வான்களிலும் பஸ்களிலும் ஏறி ஹாலி-எல, பண்டாரவளை, வெலிமடை என்று போனது. இரவாகும்போது லுணுகலையும் எரிந்தது. பாதுகாப்புப் படையினர் நகரில் இருந்தும் தடுக்கவில்லை.

அந்த நாளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கையாளும் சொல் ‘ஆத்திரம்’. யாழ்ப்பாணத்தில் 13 படையினர் கொல்லப்பட்ட ஆத்திரம். ஆனால் திருநெல்வேலித் தாக்குதல் நடந்தது ஜூலை 23 இரவு. நான்கு நாள் காத்திருந்து, மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தொடங்கி, பஸ் பிடித்து அடுத்த ஊருக்குப் போகும் ஒன்றை ஆத்திரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கு வேறு பெயர் தேவை. அந்தப் பெயர் ஏன் நமக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

பெருங்கொலை செய்பவனைத் தூண்டுவது எது, ஊடகம் அவனை எப்படி எழுத வேண்டும் என்ற விவாதம் உலகில் பெரும்பாலும் தனியாள் துப்பாக்கிதாரியைச் சுற்றியே நடக்கிறது. அவனுக்கு வேண்டியது புகழ்; ஆகவே பெயரைச் சொல்லாதே, படத்தைப் போடாதே, அவன் எழுதி வைத்த அறிக்கையை அச்சிடாதே என்பது அந்த விவாதம் வந்து சேர்ந்த இடம். யோசனை பழையதுதான். கி.மு. 356 இல் எபேசஸ் நகரத்து ஆர்ட்டெமிஸ் கோயிலைப் புகழுக்காகவே கொளுத்தினான் ஒருவன். அவன் பெயரை உச்சரிக்கக் கூடாதென்று நகரத்தார் விதித்தார்கள். தியோபொம்பஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்ததால் ஹெரோஸ்த்ராத்தஸ் என்ற பெயர் இன்றும் நம்மிடம் இருக்கிறது. 2019 மார்ச் 15 இல் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் அதை நேரலையாக ஒளிபரப்பினான். நான்கு நாளின் பின் நியூசிலாந்துப் பிரதமர் ஜசிந்தா ஆர்டன் நாடாளுமன்றத்தில் எழுந்து, அவன் பெயரைத் தன் வாயால் சொல்லப்போவதில்லை என்றார். அதே ஆண்டு ஏப்ரல் 21 இல் நம் நாட்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை நடத்தியவர்கள் உறுதிமொழி எடுக்கும் காணொளியை ஐ.எஸ். அமைப்பு வெளியிட்டது. அதில் தலைவன் மட்டும் முகத்தைக் காட்டினான், மற்றவர்கள் மூடியிருந்தார்கள். முகம் காட்ட விரும்புகிறவனுக்கு அந்த விதி பொருந்தும்.

ஊவாவில் கொன்றவர்கள் யாரும் முகத்தைக் காட்ட விரும்பியதில்லை. கூட்டத்துக்குள் போகிறவன் தேடுவதே பெயரின்மையை. அவனைப் பற்றி எழுதும்போது பெயரை விட்டுவிடுவது அவன் கேட்டதையே கையில் கொடுப்பதாகும். வெளிநாட்டு நெறிமுறைகளை அப்படியே மொழிபெயர்த்துப் பயிற்சிப் பட்டறைகளில் விநியோகிக்கும் முன் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

கூட்டத்தின் உள்நோக்கத்தை ஆராய நமக்கு நல்ல வழிகாட்டி ஸ்டான்லி தம்பையா. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் பேராசிரியராக அறியப்பட்ட அவர், 1956 ஜூனில் மாணவர்களோடு கள ஆய்வுக்காகக் கல்லோயாவில் இருந்தார். ஊவாவுக்குக் கிழக்கே, மலை இறங்கியதும் வரும் குடியேற்றப் பிரதேசம் அது. அங்கேதான் அந்த மாதம் தமிழருக்கெதிரான கொலைகள் நடந்தன. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1996 இல் வந்த நூலில் தெற்காசியக் கூட்ட வன்முறைக்கு அவர் இரு படிகளைக் காட்டினார். முதலில் ஓர் உள்ளூர்ச் சச்சரவு தன் விவரங்களை இழக்கிறது: யார், எதற்காக, எந்த இடத்தில் என்பதெல்லாம் உதிர்ந்துபோகின்றன. பிறகு அந்த வெற்றுக் கூடு ஒரு பெரிய காரணத்துக்குள், ஓர் இனத்தின் மானத்துக்குள், ஒரு மதத்தின் ஆபத்துக்குள் ஏற்றப்படுகிறது. இந்த இரண்டையும் செய்துகொடுப்பது செய்திதான். அது வாய்வழி வரலாம், வானொலியில் வரலாம், சுவரொட்டியாகவும் வரலாம்.

1958 மே மாதம் இதற்குப் பாடம் போன்றது. மட்டக்களப்பில் ஆசிரியையாக இருந்த பாணந்துறைச் சிங்களப் பெண்ணொருவரின் மார்பகங்களை அறுத்துக் கொன்றுவிட்டார்கள் என்ற வதந்தி பாணந்துறையில் பரவியது. அங்கே ஓர் இந்துக் கோயிலைத் தாக்கிப் பூசகரை உயிரோடு எரித்தார்கள். கல்வி அமைச்சு தேடிப் பார்த்தபோது பாணந்துறையைச் சேர்ந்த அப்படியோர் ஆசிரியை மட்டக்களப்பில் இருக்கவே இல்லை. வதந்தியையாவது ஊர் வாய் என்று ஒதுக்கலாம். மே 26 இல் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க வானொலியில் பேசினார். மட்டக்களப்பு மாவட்டத்துச் சம்பவங்களின், குறிப்பாக நுவரெலியாவின் முன்னாள் மேயர் டி. ஏ. செனவிரத்தின கொல்லப்பட்டதன் விளைவாக மற்றப் பகுதிகளில் வன்செயல் நிகழ்ந்தது என்பது அந்த உரையின் தொனி. பொலன்னறுவையில் தமிழரைத் தேடி ரயிலைத் தாக்கியது மே 22. செனவிரத்தின இறந்தது அதற்குப் பிறகு. விளைவைக் காரணமாகவும் காரணத்தை விளைவாகவும் மாற்றி வைத்தது ஒரு பிரதமரின் வாக்கிய ஒழுங்கு. பத்திரிகையாளர் தார்சி விட்டாச்சி இதைத் தம் ‘எமர்ஜென்சி 58’ நூலில் பதிவு செய்தார். நூல் லண்டனில் வெளிவந்தது, இலங்கையில் தடை செய்யப்பட்டது.

செனவிரத்தின மலையக நகரத்து மனிதர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வடகிழக்கில் நடந்ததற்கு மலைநாடு விலை கொடுக்கும் கணக்கில் அவர் பெயரும் ஒரு வரி.

1977 ஆகஸ்டில் கதை மறுபடி யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. களியாட்ட விழா ஒன்றில் பொலிஸாரோடு ஏற்பட்ட தகராறு, அதன் பின் நாக விகாரை தாக்கப்பட்டதென்ற பொய்ச் செய்தி, அது தெற்கே ஊர் ஊராகப் போன வேகம். விசாரித்தது முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனியின் ஆணைக்குழு, அறிக்கை 1980 இல் வந்தது. தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் குடும்பம் குடும்பமாக இறங்கிப் போனவர்களில் மிகப் பலர் அந்த ஆண்டின் அகதிகள். இவர்களில் பெரும்பகுதியினர் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான குடும்பங்கள். வடக்கு அரசியலில் இவர்களுக்கு வாக்கும் இல்லை, பங்கும் இல்லை. அடி மட்டும் விழுந்தது.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு 83 இன் நேரம் மணிக்கணக்காகத் தெரிகிறது. நகரத்தை ஒட்டிய லயங்களுக்கு அப்படியொரு கால அட்டவணை யாரும் எழுதவில்லை. அங்கே அது ‘எண்பத்து மூணு’ என்ற ஒற்றைச் சொல். ஜூலை 28 இல் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன தொலைக்காட்சியில் தோன்றினார். கொல்லப்பட்ட தமிழருக்கு ஓர் அனுதாப வார்த்தை கிடைக்கவில்லை. பிரிவினைவாதத்தைத் தடை செய்யும் சட்டம்தான் கிடைத்தது. அதே வாரத்தில் வெலிக்கடைச் சிறையில் 25 ஆம் தேதி 35 பேரும் 27 ஆம் தேதி 18 பேருமாக 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அரசின் காவலில் இருந்தவர்கள். இந்த விவரம் பதினேழு ஆண்டுகள் கழித்துப் பண்டாரவளையில் மறுபடியும் வருகிறது.

பிந்துனுவெவ பண்டாரவளைக்குப் பக்கத்துச் சிங்களக் கிராமம். அங்கே இருந்த புனர்வாழ்வு முகாமில் சரணடைந்தவர்களும் விடுதலைப் புலிகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களுமாக 41 தமிழ் இளைஞர்கள் இருந்தார்கள், பெரும்பாலும் வடகிழக்கைச் சேர்ந்தவர்கள். குறைந்த காவலுள்ள இடம் அது. 2000 அக்டோபர் 24 மாலை அவர்களுக்கும் முகாம் அதிகாரிக்கும் தகராறு. விடுதலை தள்ளிக்கொண்டே போகிறது, கடிதங்கள் ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்பவை அவர்களின் குறைகள். துப்பாக்கிச் சத்தம் கேட்டது, ஊரார் கூடினார்கள், இரவில் நிலைமை தணிந்தது. தம்பையா சொன்ன முதல் படி அந்த இரவில் நடந்து முடிந்தது. கடிதம், தவணை, அதிகாரி என்ற விவரங்கள் உதிர்ந்தன. ‘கிராமத்துக்குள் புலி கிளம்பிவிட்டது’ என்பது மிஞ்சியது. விடிவதற்குள் பண்டாரவளைப் பகுதியில் முகாமுக்கு எதிரான சுவரொட்டிகள் தோன்றின.

சுவரொட்டிக்குப் பசை வேண்டும், தாள் வேண்டும், எழுதத் தெரிந்த கை வேண்டும், இரவில் நடமாடும் துணிவும் வேண்டும். 83 இல் பஸ் செய்த வேலையை இங்கே சுவரொட்டி செய்தது.

25 காலை இரண்டாயிரம் மூவாயிரம் பேர் முகாமைச் சூழ்ந்தார்கள். கத்தி, பொல்லு, தீ. ஆயுதம் தாங்கிய சுமார் 60 பொலிஸார் அங்கேயே நின்றார்கள். கொல்லப்பட்டவர்கள் 27 பேர் என்கின்றன சில ஆவணங்கள், 28 என்கின்றன வேறு சில. பொலிஸார் கடமையைக் கைவிட்டார்கள் என்று இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு சில நாட்களிலேயே முடிவுக்கு வந்தது.

அந்தக் கிராமத்தவரைத் தூண்டியது எது? ஒரே காரணத்தைச் சொல்வது எளிது. நான் அதை நம்பவில்லை. அந்த ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் வீழ்ந்திருந்தது. தியத்தலாவை இராணுவப் பயிற்சித் தளம் பண்டாரவளைக்கு அயலிலேயே இருக்கிறது. சீருடை அணிந்த பிள்ளைகளின் குடும்பங்கள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நிறைய. இது துக்கம், அதைப் பொய்யென்று தள்ள முடியாது. பொதுத் தேர்தல் முடிந்து பதினைந்தே நாள், கட்சிச் சூடு ஆறாத நேரம். இவ்விரண்டையும் விடக் கனமானது மூன்றாவது: அறுபது துப்பாக்கிகள் அசையாமல் நின்றது. முன்வரிசையில் நின்றவனுக்கு அதுவே அனுமதிச் சீட்டு. துக்கம் ஊவாவில் எத்தனையோ வீடுகளில் இருந்தது. கொலை நடந்தது அனுமதி கிடைத்த இடத்தில்.

ஊடகத்துக்கும் அன்று கை கட்டித்தான் இருந்தது. மே மாதத்து அவசரகால விதிகள் தணிக்கையைக் கொண்டுவந்தன. யாழ்ப்பாணத்து ‘உதயன்’ பத்திரிகையையும் கொழும்பின் ‘சண்டே லீடர்’ பத்திரிகையையும் அதே மாதம் மூடினார்கள். அக்டோபர் 19 இரவு, பிந்துனுவெவவுக்கு ஆறு நாள் முன், பிபிசிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தச் சூழலில் வந்த முதல் விளக்கங்கள் முந்தின மாலைத் தகராறிலிருந்தே கதையைத் தொடங்கின. தகராறு முதலாவது வாக்கியம், கொலை இரண்டாவது. 1958 வானொலி உரையின் அதே ஒழுங்கு.

மலையகம் இதற்கு எதிர்வினையாற்றியது. தலவாக்கலை, ஹட்டன் பக்கம் கண்டன ஆர்ப்பாட்டங்கள் மோதலாக மாறி ஊரடங்குச் சட்டம் வந்தது. கொல்லப்பட்டவர்களின் ஊர் வடகிழக்கு, அழுதது தோட்டம். இரண்டு தமிழர் வரலாறுகளும் தொட்டுக்கொண்ட அபூர்வமான தருணம் அது. பல செய்திகளில் அது ‘தோட்டப்புறப் பதற்றம்’ என்ற அளவில் நின்றுவிட்டது.

இங்கே தமிழ் நடையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் செய்திமொழியில் வன்செயல் ‘மூள்கிறது’, ‘வெடிக்கிறது’, ‘பரவுகிறது’, ‘தணிகிறது’. எல்லாம் நெருப்புக்கு உரிய வினைகள். நெருப்புக்குக் கை இல்லை. அடுத்து ‘கொல்லப்பட்டனர்’, ‘எரிக்கப்பட்டன’ என்ற செயப்பாட்டு வினை. அதில் எழுவாய் தேவையே இல்லை. (இக்கட்டுரையிலேயே நானும் அதைத் தப்ப முடியவில்லை, பெயர் தெரியாதபோது இலக்கணம் அங்கேதான் தள்ளுகிறது.) மூன்றாவது ‘சம்பவம்’. பிந்துனுவெவ சம்பவம், வெலிக்கடைச் சம்பவம். தானாகவே சம்பவித்தது போல. பெயர் தெரியாவிட்டாலும் எத்தனை பேர் வந்தார்கள், எதில் வந்தார்கள், எந்தப் பக்கமாக வந்தார்கள், யார் நின்று பார்த்தார்கள் என்று எழுத முடியும். ‘வன்செயல் லுணுகலைக்குப் பரவியது’ என்பதற்கும் ‘பதுளையில் பறித்த வண்டிகளில் ஏறிப் போனார்கள்’ என்பதற்கும் உள்ள தூரம் சில சொற்கள்தான். இரண்டாவதை எழுதினால் அடுத்த நாள் யாரோ ஒருவர் வண்டியின் இலக்கத்தைக் கேட்பார்.

ஆத்திரத்தை விளக்கமாக எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. முஸ்லிம்களுக்கெதிரான தாக்குதல்களிலும் அதுவே: 2018 இல் திகன, 2019 மே மாதத்தில் குருநாகல், மினுவாங்கொடை. அங்கே சுவரொட்டியின் இடத்துக்கு முகநூல் வந்திருந்தது. 2018 இல் தங்கள் தளம் ஆற்றிய பங்குக்காக அந்த நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கேட்டது. ஆனால் குருநாகல் மருத்துவர் ஒருவர் நாலாயிரம் பெண்களுக்கு ரகசியமாகக் கருத்தடை செய்தாரென்ற கதையை 2019 மே 23 இல் முதற்பக்கத்தில் போட்டது அச்சிட்ட நாளிதழ். பாணந்துறை ஆசிரியையின் கதை போலவே இதுவும் பெண் உடலைச் சுற்றியது. அறுபது ஆண்டில் வதந்தியின் உடம்பு மாறவில்லை.

பிந்துனுவெவ வழக்குக்கு வருகிறேன். ஜனாதிபதி நியமித்த குலதிலக்க ஆணைக்குழு சாட்சியம் கேட்டு 2002 தொடக்கத்தில் அறிக்கை கொடுத்தது. அரசு அதைப் பகிரங்கப்படுத்தவில்லை. சட்டமா அதிபர் 41 பேர் மீது குற்றம் சாட்டினார். முகாமில் இருந்தவர்களும் 41 பேர்தான். தற்செயல், ஆனாலும் உறுத்தும் தற்செயல். மூன்று நீதிபதிகள் அமர்ந்த ட்ரயல் அட் பார் மன்றில், அரச தரப்பு சாட்சியம் முடிந்ததும் 23 பேர் விடுதலை. 2003 ஜூலை 1 இல் இன்னும் 13 பேர் விடுதலை. எஞ்சிய ஐவருக்கு மரண தண்டனை. அவர்களில் இருவர் பொலிஸ் அதிகாரிகள். 2005 மே மாதத்தோடு உயர் நீதிமன்றம் ஐவரையும் விடுவித்து முடித்தது, சாட்சியம் போதவில்லை என்று.

மூவாயிரம் பேர் வந்த இடத்தில் சட்டத்தின் முன் எஞ்சியது பூச்சியம். இறந்தவர்கள் 27 ஆ 28 ஆ என்பதுகூட இன்னும் பொதுப் பதிவில் ஒரே எண்ணாக இல்லை.