கல்லின் கருப்பும் விளக்கின் கருப்பும்

பழவேற்காட்டின் பழங்கதையைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் டச்சுக் கோட்டையில்தான் தொடங்குகிறார்கள். 1613இல் எழுந்தது கெல்டிரியா கோட்டை. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபாரம் இங்கிருந்துதான் நடந்தது. கீழைத் தீவுகளுக்குப் போன சாயத்துணி, கோட்டையை ஒட்டி நடந்த வெடிமருந்து உற்பத்தி, கப்பலேற்றி விற்கப்பட்ட அடிமைகள் எனக் கம்பெனி எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதி வைத்தது. அதே காலத்தில் ஏரிக்கரைக் குப்பத்து வீடுகளில் விளக்குப் புகையைப் பிடித்துக் குழைத்த மைக்கு எந்தப் பேரேட்டிலும் வரி இல்லை. விற்காத பொருளுக்கு ஏது கணக்கு? ஆனாலும் அதற்கு ஒரு வரலாறு உண்டு. மை கண்ணீரோடு கரைந்து போய்விடும். அதைச் செய்த முறையும், இடப் பயன்பட்ட கோலும், இட்ட விரலின் பழக்கமும் எஞ்சி நிற்கும். அவற்றை வைத்துப் பார்த்தால், கண்ணுக்கு நன்றாக மை இடுவது என்பது அழகுணர்ச்சியால் மட்டும் வந்த கலை அல்ல, பொருளறிவால் வந்த கைத்திறன் என்பது என் கட்சி. இந்தக் கரையில் இரண்டு வகைக் கருப்பு புழங்கியது. ஒன்று கப்பலில் வந்த கல், மற்றொன்று வீட்டு விளக்கின் கரி. ஒவ்வொன்றும் கைக்கு ஒவ்வொரு பாடம் கற்றுக்கொடுத்தது.

முதலில் கல். கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய ‘எரித்திரியக் கடற்பயண நூல்’, முசிறி போன்ற மேற்குக்கரைத் துறைமுகங்களில் இறங்கிய சரக்குகளைப் பட்டியலிடுகிறது. பவளம், செம்பு, ஈயம், கண்ணாடி ஆகியவற்றோடு கண்ணுக்கு இடும் அஞ்சனக் கல்லும் அதில் இருக்கிறது. அந்தக் கருப்புக் கல்தூள், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தென்னாட்டில் கடல்வழி இறக்குமதிச் சரக்கு. பின்னாளில் அரபு வணிகத்தோடும் இஸ்லாத்தோடும் சேர்ந்து இதே கல் சுர்மா என்ற பெயரில் நிலைபெற்றது. நபிவழிப் பழக்கம் என்பதால் ஆண்களும் இடுவார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் பெருநாளுக்கும் திருமணத்துக்கும் அது அணியாக இருந்தது. பழவேற்காட்டில் முஸ்லிம் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்கின்றன. கடல் வணிகத்தோடு இவ்வளவு நெருங்கி வாழ்ந்த ஊருக்குச் சுர்மா அந்நியப் பொருளாக இருந்திருக்க வழியில்லை.

கல்தூளை விரலால் தொட்டுக் கண்ணில் வைக்க முடியாது. உலர்ந்த தூள் விரலில் ஒட்டாமல் உதிரும், உதிர்ந்தால் விழியில் உறுத்தும். அதனால்தான் கோல் வேண்டியிருக்கிறது. ஹரப்பா நாகரிகத்து ஊர்களிலேயே செம்புக் கோல்கள் கிடைத்துள்ளன. விரல் நீளம், வழவழப்பான உடம்பு, முனை மழுங்கி உருண்டிருக்கும். கூர்முனை என்பதே கிடையாது. கோலை லேசாக ஈரப்படுத்தித் தூளில் புரட்டி, மிகுந்ததைத் தட்டி உதிர்த்துவிட்டு, இமைகளுக்கு இடையே படுக்கை வசத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பிறகு கோலை ஒரே இழுப்பில் கடைக்கண் பக்கமாக உருவினால் மேலிமை, கீழிமை இரண்டின் விளிம்பிலும் ஒரே நேரத்தில் கருப்பு ஏறிவிடும். இதில் கை வரைவதே இல்லை; இமைதான் கோலைத் துடைத்துத் தூளை வாங்கிக்கொள்கிறது. கண்ணாடி தேவையில்லை, கை நடுங்கினாலும் கோடு கோணாது. கோல் இவ்வளவு அண்மையில் வந்தால் கண்ணுக்கே அது தெரியாது. எதிரில் இல்லாதபோது தெரிந்த கணவனின் குறைகள் எதிரில் வந்ததும் மறைந்துபோவதற்கு இதையே உவமை ஆக்கியிருக்கிறது திருக்குறளின் 1285ஆம் குறள். கேட்கிறவர்கள் எல்லாருக்கும் பழக்கமான ஒரு செயலைத்தான் இப்படி உவமையாக எடுத்தாள முடியும்.

இனி விளக்கின் கருப்பு. இதற்குக் கப்பலும் வேண்டாம், காசும் அதிகம் வேண்டாம். தமிழ்நாடெங்கும் சிற்சில மாறுதல்களோடு வழங்கிய முறை இது. வெள்ளைப் பருத்தித் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து நிழலில் காயவைப்பார்கள். நனைப்பதும் காயவைப்பதும் சில முறை நடக்கும். பிறகு அதைத் திரியாகத் திரித்து, விளக்கெண்ணெய் ஊற்றிய அகலில் ஏற்றி, மேலே செம்பு அல்லது பித்தளைத் தட்டைச் செங்கற்களின் மேல் கவிழ்த்து வைப்பார்கள். நுட்பமெல்லாம் அந்த இடைவெளியில் இருக்கிறது. தட்டு மிகவும் தாழ்ந்தால் சுடர் மூச்சுமுட்டி, எண்ணெய்ப் பசையோடு பழுப்பான கசடு படியும். உயர்ந்துவிட்டால் புகை முழுதாக எரிந்து கரி கொஞ்சமாகவே சேரும். கடற்காற்று வீசும் ஊரில் சுடர் அலைந்தால் கரி தட்டில் நிற்காமல் பறந்துவிடும் என்பதால் காற்று புகாத மூலையில்தான் இது நடக்க வேண்டும். விடிந்ததும் கரியைச் சுரண்டி எடுத்து, விளக்கெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்து, மைச்சிமிழில் அடைப்பார்கள். நெய்யிலும் குழைப்பதுண்டு. ஆனால் சித்திரை வெயிலில் நெய் உருகி ஓடிவிடும். விளக்கெண்ணெய் தடிப்பானது, எளிதில் வழியாது, தண்ணீரில் கரையாது. உப்புநீரும் வியர்வையும் விலகாத குப்பத்து வாழ்க்கைக்கு அதைவிடப் பொருத்தமான எண்ணெயை எனக்கு நினைக்கத் தெரியவில்லை.

இந்த மைக்குக் கோல் கட்டாயமில்லை, விரலே போதும். சிமிழின் ஓரத்தில் மோதிர விரலை ஒரு முறை ஒற்றி, கட்டைவிரலில் தேய்த்து மிகுதியை நீக்கினால் உடல்சூட்டில் எண்ணெய் இளகி மை மெல்லிய படலமாகும். முகத்தை நிமிர்த்தி மேலே பார்த்தால் கீழிமை தானாக இறங்கிக் கொடுக்கும். பிடித்து இழுக்க வேண்டியதில்லை. உள் மூலையிலிருந்து வெளிமூலைக்கு ஒரே தடவல், கடைக்கண்ணில் சிறு வால். அதிகம் எடுத்தால் ஒரு நாழிகைக்குள் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போகும். கொஞ்சமாக எடு, இழுக்காதே, ஒரே கோடாகப் போடு என்று இன்றைய அழகுக் குறிப்புகள் சொல்வதெல்லாம் இந்த எண்ணெய்க் கரி தன் குணத்தாலேயே கட்டாயப்படுத்திய ஒழுங்குகள்.

இந்தக் கைப்பழக்கம் கடை மையால் அழிந்தது என்று பலர் வருந்துகிறார்கள். சென்னையின் அரவிந்த் லேபரட்டரீஸ் 1938 முதல் விற்றுவரும் ஐடெக்ஸ் போன்ற டப்பி மைகள்தான் வீட்டு மையை விரட்டின என்பது அந்த வாதம். காரணமும் விளைவும் இதில் இடம் மாறிவிட்டன என்று நினைக்கிறேன். வீட்டு மை விளக்கெண்ணெய் விளக்கோடு பிறந்த உபபொருள். திரி, அகல், எண்ணெய் மூன்றும் அன்றாடம் கையிலிருந்த வீட்டுக்கு மை செய்வது கூடுதல் வேலையே அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மண்ணெண்ணெய் வந்து விளக்கெண்ணெயைத் தள்ளியது. நாறும் மண்ணெண்ணெய்க் கரியைக் கண்ணில் வைக்க யாரும் துணியமாட்டார்கள். பிறகு மின்விளக்கு வந்தது. மைக்கென்றே தனியாக ஒரு விளக்கு ஏற்ற வேண்டிய நிலை ஏற்பட்ட பிறகுதான் டப்பி மை வசதியாகத் தெரிந்தது. அதுவும் விரலால் எடுத்து இடுகிற பசை மைதான் என்பதால் கைக்குப் புதிதாக ஒன்றும் கற்க வேண்டியிருக்கவில்லை. கை மாறியது பென்சிலும் திரவ ஐலைனரும் வந்த பிறகே.

மீனவர்கள் மை இட்டது வெயிலின் கூசலைத் தாங்கத்தான் என்றொரு விளக்கம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. பழவேற்காடு ஏரி பரந்தது, ஆழமற்றது. நடுப்பகலில் அதன் மேற்பரப்பு கண்ணைப் பறிக்கும். கருப்பு ஒளியை உறிஞ்சும் என்பதும் உண்மை. 2003இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விளையாட்டு வீரர்கள் பூசும் கருமை ஒளிவேறுபாட்டை உணரும் திறனைச் சற்றுக் கூட்டுகிறது என்று கண்டார்கள். ஆனால் அந்தக் கருமை கண்ணுக்குக் கீழே கன்னத்து மேட்டில் பட்டையாகப் பூசப்பட்டது. இமை விளிம்பின் மெல்லிய கோடு அவ்வளவு ஒளியை நிறுத்தாது. கூசலுக்காகவே மை என்றால் பாடு என்னும் முறைவைப்பின்படி ஏரியில் வலை போடும் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பத்து ஆண்கள்தான் முதலில் இட்டிருக்க வேண்டும். தமிழ் வழக்கில் மை அதிகம் சேர்ந்தது பெண்களிடமும் தொட்டில் குழந்தைகளிடமும். குழந்தை எந்த வலையை இழுக்கப் போகிறது?

மருந்து என்ற வாதம் இன்னும் வலுவானது, அதனால் இன்னும் கவனமாக எதிர்கொள்ள வேண்டியது. 2010இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், பழைய எகிப்தியக் கண்மையில் இருந்த சில ஈய உப்புகள் தோல் உயிரணுக்களில் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பை ஏறத்தாழ 240 சதவீதம் கூட்டுகின்றன, அது தொற்றை எதிர்க்க உதவும் என்று எழுதினார்கள். இதைச் சுர்மாவுக்கு நற்சான்றாகக் காட்டுவது தவறு. அவை எகிப்தியர் செயற்கையாகத் தயாரித்த குறிப்பிட்ட உப்புகள். சோதனை நடந்ததும் ஆய்வகத் தட்டில். சந்தையில் சுர்மா என்று விற்பதில் பெரும்பகுதி அஞ்சனக் கல்லான ஆன்டிமனியே அல்ல, கலீனா எனப்படும் ஈயக் கனிமம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டிவிட்டன. குழந்தை கண்ணைக் கசக்கி விரலைச் சப்பினால் ஈயம் நேராக வயிற்றுக்குப் போகிறது. பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இந்தியச் சட்டமும் அழகுப் பொருள்களில் நிறத்துக்காக ஈயச் சேர்மங்களைச் சேர்க்கத் தடை விதித்திருக்கிறது. விளக்குமையில் ஈயம் இல்லை என்பது அதன் பெரிய ஆறுதல். ஆனாலும் புகைக்கரியில் முற்றாக எரியாத தார்ப்பசை இருக்கும், விரல் நகத்தில் அழுக்கும் இருக்கும். பாட்டி காலத்துப் பொருள் என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தூயது என்று சொல்ல மாட்டேன். பொருளை அறிந்து கை நடந்தது என்று பாராட்டுகிறவர்கள், பொருளைப் பற்றிப் புதிதாகத் தெரிந்ததையும் கையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படிச் சேர்த்தால் மை இடும் இடமே மாறும். இமை விளிம்பில், இமைமயிர் வரிசைக்கு உட்புறமாக, கண்ணீர் உலராமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளின் சிறு வாய்கள் வரிசையாக இருக்கின்றன. உட்பக்கம் பூசும் எதுவும் அவற்றை அடைக்கலாம், கண் உலர்ந்து எரியலாம். ஆகவே இன்றைய பென்சிலுக்கும் திரவ ஐலைனருக்கும் சரியான இடம் இமைமயிரின் வேருக்கு வெளிப்புறம். மெழுகு கலந்த பென்சில் இளகாமல் இழுத்தால் தோல் சுருங்கும். எனவே முனையைப் புறங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, ஒரே இழுப்பாக இல்லாமல் சின்னச் சின்னக் கோடுகளாக வைத்துச் சேர்க்க வேண்டும். திரவ மை உலரும்வரை கண்ணை அகலத் திறக்கக் கூடாது. ஒரே தடவலில் முடித்த பழைய கை, இதில் துண்டு துண்டாக நடக்கக் கற்கிறது. இதை வீழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்லுக்குக் கோல், எண்ணெய்க் கரிக்கு விரல் என்று வந்த அதே கணக்குதான் மெழுகுக்கும் நடக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் வேறொரு நகர்வு நடந்திருக்கிறது. பச்சிளங்குழந்தையின் கண்ணில் மை வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்லச் சொல்ல, பல தாய்மார்கள் மையைக் கண்ணிலிருந்து எடுத்துக் கன்னத்திலும் நெற்றி ஓரத்திலும் உள்ளங்காலிலும் பொட்டாக வைக்கத் தொடங்கிவிட்டார்கள். திருஷ்டிக்கு அது போதும் என்று தாயும் ஒப்புக்கொள்கிறாள், மருத்துவரும் தடுப்பதில்லை. அதற்கென்று விளக்குமைக்கு முற்றிலும் வேறான ஒரு மை ஏற்கெனவே நம் வீடுகளில் இருந்தது. ஜவ்வரிசியைக் கரியாகும்வரை வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்துச் சுண்டக் காய்ச்சி, வழித்த கொட்டாங்குச்சியில் ஊற்றி வெயிலில் காயவைத்தால் அது கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். வேண்டும்போது இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேய்த்தால் மை கிளம்பும். எண்ணெய் இல்லாததால் குழந்தையின் வியர்வையில் வழியாது. குளிப்பாட்டும்போது தண்ணீரில் போய்விடும். கன்னத்தில் வைப்பதற்கு வேண்டிய குணம் அதுதான்.