சாகாத செடிகள் நம் வீட்டுக்கு வந்த கதை

திருவண்ணாமலை வெயிலைத் தாங்க வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும், ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தாலும் சாகக் கூடாது. அப்படி ஒரு செடி எங்கே கிடைக்கும்? புதிதாகக் குடிவருகிற பலரும் கேட்கும் கேள்வி இது. அந்தச் செடிகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் பதில் எளிது.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் செடிகளைக் கப்பலில் கொண்டுபோவது பெரும்பாடு. உப்புக்காற்றிலும் நன்னீர்த் தட்டுப்பாட்டிலும் பெரும்பாலானவை வழியிலேயே கருகிவிடும். 1829இல் லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு, மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் ஒரு பெரணி தானாக முளைத்து வளர்வதைக் கவனித்தார். ஆவியான நீர் மறுபடி மண்ணுக்கே திரும்பியதுதான் காரணம். 1833இல் இதே முறையில் கண்ணாடிப் பெட்டிகள் செய்து சிட்னிக்குச் செடிகள் அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தன. ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் இத்தகைய பெட்டிகளில்தான். சென்னையில் 1835இல், தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் முயற்சியில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியது.

இன்று நம் வீடுகளில் இருப்பவற்றைப் பாருங்கள். மணி பிளான்ட் பசிபிக் கடலின் மூரியா தீவைச் சேர்ந்தது. காட்டு மர நிழலில் படர்ந்த கொடி என்பதால் கூடத்து மங்கிய வெளிச்சமே அதற்குப் போதும். ஸ்நேக் பிளான்ட் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது. தடித்த இலையிலும் மண்ணடித் தண்டிலும் நீரைச் சேர்த்துவைக்கும். இலைத்துளைகளைப் பகலில் மூடி இரவில் திறக்கும். இதைக் கொல்வது பெரும்பாலும் நாம் அதிகமாக ஊற்றும் தண்ணீர்தான்.

இந்த ஸ்நேக் பிளான்ட்டுக்கு நம் பக்கமே ஒரு பங்காளி உண்டு. மருள் என்பார்கள், தென்னிந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளில் வளரும். அதன் நாரில் வில்லுக்கு நாண் முறுக்கினார்கள். சோற்றுக்கற்றாழையோ, வாசலில் தலைகீழாகக் கட்டினாலும் மண்ணும் நீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக இருக்கும்.

சரி, எங்கே வாங்குவது? முதல் இடம் பக்கத்து வீடு. மணி பிளான்ட்டில் கணுவோடு ஒரு துண்டு நறுக்கித் தண்ணீரில் போட்டால் வேர் விடும். ஸ்நேக் பிளான்ட்டை இலைத்துண்டிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் மஞ்சள் கரை போட்ட வகையில் அந்தக் கரை போய்விடும். அதனால் பக்கக்கன்றாகப் பிரித்து வாங்குங்கள்.

அடுத்தது உள்ளூர் நர்சரி. ஆந்திராவில் கோதாவரிக் கரையிலுள்ள கடியம் நர்சரிகளிலிருந்து தென்னிந்தியா முழுவதும் லாரிகளில் செடிகள் போகின்றன. லாரியில் வந்து இறங்கிய செடியை உடனே வாங்காமல், நம் வெயிலில் சில வாரம் நின்று புதுத்துளிர் விட்டதை எடுங்கள். சின்னத் தொட்டியே போதும். பழ, பூச்செடிகளுக்கு அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் துறை நிர்ணயித்த விலைதான்.

குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீட்டில் மணி பிளான்ட்டை எட்டாத இடத்தில் வையுங்கள். இலையைக் கடித்தால் வாய் எரியும்.

இன்னொன்று முக்கியம். தொட்டியில் சாகாத செடி, வெளியிலும் எளிதில் சாகாது. உண்ணிச்செடி 1809 வாக்கில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச்செடியாக வந்தது. இன்று நாடு முழுக்கக் காடுகளை அடைத்து நிற்கிறது. ஏரிகளை மூடும் ஆகாயத்தாமரையும் பூவின் அழகுக்காக வந்ததுதான். மொட்டையாகக் கிடந்த நம் மலையில் 1980களின் இறுதியிலிருந்து பலர் பாடுபட்டு மரம் வளர்த்திருக்கிறார்கள். வெட்டிய கொடிகளை மலையடிவாரத்திலோ ஏரிக்கரையிலோ கொட்டாதீர்கள். வேண்டாத செடியைக் கீழ்த்தளத்தில் வைத்துவிடுங்கள், தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்வார்.