அஸன்பேயைத் தந்த சித்திலெப்பை

தமிழ் நாவலின் தோற்றத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தோடு (1879) தொடங்கி, பி. ஆர். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திர'த்துக்கு ஒரே தாவாகத் தாவிவிடுவதை நாம் பல நூல்களிற் காண்கிறோம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1885ஆம் ஆண்டிலே, நமது மலையகத் தலைநகராகிய கண்டியில் வாழ்ந்த ஒருவர் தமிழில் ஒரு நாவலை எழுதி வெளியிட்டார். அவர் பெயர் முகம்மது காசிம் சித்திலெப்பை. நூலின் பெயர் 'அஸன்பேயுடைய கதை'. தமிழின் இரண்டாவது நாவல் என்றும், ஈழத்தின் முதல் நாவல் என்றும் ஆய்வாளர் பலர் இதனைக் கொள்வர். இன்றைய இலக்கியப் பொழுதில் நேயர்களோடு நான் பகிர்ந்துகொள்ள விரும்புவது இந்த மனிதரின் வாழ்வையும் எழுத்தையும் பற்றியே.

'முதல் நாவல்' என்ற பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் 1856இல் வெளிவந்த 'காவலப்பன் கதை'யை முன்னிறுத்துவோர் உளர். அது ஆங்கிலக் கதையொன்றின் தமிழாக்கம். திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891இல் வந்தது. அதே திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இல் வந்தது. ஆண்டுகளை வரிசைப்படுத்தி விருது கொடுப்பது இலக்கியக்காரனின் பிரதான வேலையன்று. ஒரு மனிதர் ஏன் கதை எழுதப் புகுந்தார் என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

சித்திலெப்பை 1838 ஜூன் 11ஆம் திகதி கண்டியிலே பிறந்தார். அவருடைய தந்தையார், இலங்கை முஸ்லிம்களுள் முதன்முதலில் பிரக்கிராசியானவர் எனப் போற்றப்படுபவர். மகனும் அதே தொழிலைக் கைக்கொண்டார். அரபு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் நல்ல பயிற்சி பெற்றார். கண்டியில் நீதவானாகவும் சிலகாலம் கடமை புரிந்தார். வருமானமும் மதிப்பும் உள்ள வாழ்க்கை அது. அதோடு அமைதியாக இருந்திருக்கலாம். அவர் இருக்கவில்லை.

காரணம், அன்றைய முஸ்லிம் சமூகத்தின் கல்வி நிலை. ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்தன. பிள்ளைகளை அங்கே அனுப்பினால் மதம் போய்விடும் என்ற அச்சம் பெற்றோருக்கு. வடக்கிலே ஆறுமுக நாவலர் சைவப் பாடசாலைகளை நிறுவி இதே அச்சத்துக்கு விடை கண்டார். பௌத்தர்களிடையே 1880இல் வந்திறங்கிய அமெரிக்கரான கேணல் ஒல்கொட்டின் முயற்சியால் பௌத்த பாடசாலைகள் எழுந்தன. முஸ்லிம்களிடையே அந்த வேலையைத் தன் தலைமேற் போட்டுக்கொண்டவர் சித்திலெப்பை. 1884இல் கொழும்பில் ஒரு மதரஸாவைத் தொடங்கினார். அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆயினும் அவர் சோரவில்லை. வாப்பிச்சி மரைக்கார் போன்றோரின் துணையோடு 1892இல் எழுந்த கல்விக்கூடமே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. கண்டியிலே முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையையும் அவர் நிறுவினார். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இது எத்துணைத் துணிச்சலான காரியம் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாடசாலை கட்டினால் மட்டும் போதுமா? பிள்ளையை அனுப்பும் மனம் பெற்றோருக்கு வரவேண்டாமா? அதற்காகவே 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' என்ற வார இதழை அவர் தொடங்கினார். அவருடைய கட்டுரைகள் இதில்தான் வெளிவந்தன. கல்வியின் அவசியம், பெண் கல்வி, சமூகத்தின் வீண்செலவுகள், வெளியுலகச் செய்திகள் எனப் பல பொருள்களை அவர் எழுதினார். அந்நாளில் முஸ்லிம்களிடையே தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் வழக்கம் பரவலாக இருந்தது. சித்திலெப்பை அரபுத் தமிழை வெறுத்தவரல்லர். எனினும் தமிழ் எழுத்திலே செய்தியும் கருத்தும் படிக்கும் பழக்கத்தைத் தம் மக்களிடையே ஊன்றியதில் அவருடைய இதழுக்குப் பெரும் பங்குண்டு.

இனி நாவலுக்கு வருவோம். எகிப்தின் கெய்ரோ நகரில் உயர்குடியிற் பிறந்த குழந்தை அஸன் கடத்திச் செல்லப்பட்டுப் பம்பாயில் வளர்கிறான். பதினான்காவது வயதில் தப்பிக் கல்கத்தா செல்கிறான். அங்கே ஆங்கிலேயப் பெரியவர் ஒருவரின் ஆதரவு கிடைக்கிறது, மொழிகளைக் கற்கிறான், அறிவும் வீரமும் உள்ள வாலிபனாகிறான். தன் பிறப்பின் உண்மையைத் தேடி எகிப்துக்கு மீள்கிறான். அரசுக்கு எதிரான சதியை முறியடிக்கத் துணைநின்று 'பே' என்ற பட்டத்தைப் பெறுகிறான். தான் நேசித்த ஆங்கிலப் பெண் பாளினாவை மணக்கிறான். கதை நிறைவுறுகிறது.

கண்டிக்காரர் ஏன் எகிப்தைப் பாடினார்? இதற்கு அக்கால வரலாற்றில் விடை உண்டு. 1882இல் பிரித்தானியப் படை எகிப்தைக் கைப்பற்றியது. அதனை எதிர்த்து நின்ற அஹ்மத் ஒராபி பாஷாவும் அவருடைய தோழர்களும் 1883 ஜனவரியில் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டனர். கொழும்பிலும் பின்னர் கண்டியிலும் வாழ்ந்த ஒராபி 1901இலேயே தாயகம் திரும்பினார். அவரோடு சித்திலெப்பைக்கு நெருங்கிய உறவு இருந்தது. கல்வி முயற்சிகளுக்கு ஒராபியின் ஆதரவும் கிடைத்தது. எகிப்து அந்நாளைய இலங்கை முஸ்லிமுக்கு அயல்நாடு அன்று. தெருவிலே காணக்கூடிய மனிதராக அது அவன் முன்னே நடமாடியது. ஒராபி வந்திறங்கிய இரண்டு ஆண்டுகளில் இந்நாவல் வெளிவந்தமை மனங்கொள்ளத்தக்கது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். கதையில் தற்செயல்கள் அதிகம். நல்லவர் முற்றிலும் நல்லவர், தீயவர் முற்றிலும் தீயவர். வேதநாயகம் பிள்ளையின் நகைச்சுவையை இங்கே எதிர்பார்க்க முடியாது. எனக்கு நெஞ்சில் உறுத்தும் குறை வேறொன்று. 1885 கோப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்த காலம். 1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை வேரறுத்துக்கொண்டிருந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ரயில்பாதை நானுஓயாவை எட்டியதும் அதே ஆண்டில்தான். அடுத்த ஆண்டில் ஊவா தனி மாகாணமாயிற்று. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த கூலித் தொழிலாளர் கண்டியைச் சூழ்ந்த மலைகளெங்கும் இருந்தனர். அவர்களுள் ஒருவர்கூட அஸன்பேயின் கதைக்குள் நுழையவில்லை. தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்ட ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இலேயே வந்திருந்தது. ஆனால், தோட்டத்து மக்களை நாவலிற் காண நாம் சி. வி. வேலுப்பிள்ளையின் காலம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். வேதநாயகம் பிள்ளை மாயூரத்து முன்சீப். சித்திலெப்பை கண்டியிற் பிரக்கிராசி. இருவரும் நீதிமன்றத்து மனிதர்கள். இருவரும் பெண் கல்விக்காக வாதாடியவர்கள். இருவரும் செய்யுளை விட்டு வசனத்திலே கதை சொன்னார்கள். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அறியாமையால் மனிதர் படும் பாட்டை நாள்தோறும் நேரிற் காணும் இடம் நீதிமன்றம். சாதாரண மனிதனுக்கு விளங்கும்படி பேசவேண்டிய இடமும் அதுவே. தமிழ் நாவலின் வசனம் புலவர் அவையிற் பிறக்காமல் இத்தகையோரின் மேசையிற் பிறந்தது நமக்குக் கிடைத்த நற்பேறு என்பேன்.

வெலிமடையிலே தமிழ் கற்பிக்கும் எனக்குச் சித்திலெப்பை இன்னொரு வகையிலும் முக்கியமானவர். தோட்டத்து லயத்திலிருந்து வரும் பிள்ளையும், குருத்தலாவையில் வாழும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே இலக்கணத்தைப் படிக்கிறார்கள், ஒரே பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். ஆனால், தமிழ் இலக்கியம் யாருடைய சொத்து என்ற கேள்விக்கு நம்முடைய வரலாற்று நூல்கள் பல காலம் குறுகிய விடையையே தந்தன. பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் இலங்கைச் சோனகரின் இனத்தைப் பற்றி எழுதிய கட்டுரை, அவர்கள் தமிழர்களே என வாதித்தது. முஸ்லிம் தலைவர்கள் அதனை ஏற்கவில்லை. அந்தச் சர்ச்சையின் கசப்பு நூறாண்டு கடந்தும் முற்றாக ஆறவில்லை. இனம் என்னவென்று பிறர் தீர்ப்புக் கூறுவதை ஏற்காத அந்தச் சமூகம், தமிழை ஒருபோதும் கைவிடவில்லை என்பதைக் காணத் தவறுகிறோம். தம் மக்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லச் சித்திலெப்பை தேர்ந்த மொழி தமிழே. மொழியால் இணைந்திருக்க, இனத்தால் ஒன்றென்று ஒப்புக்கொள்ள வேண்டிய நிபந்தனை எதற்கு?

'அஸ்றாறுல் ஆலம்' என்ற ஞானநூலை 1897இல் வெளியிட்ட சித்திலெப்பை, அடுத்த ஆண்டு பெப்ரவரியிற் காலமானார். அறுபது வயது நிறையவில்லை. 1977இல் அவர் நினைவாக இலங்கை முத்திரை வெளியிட்டது. அஸன்பேயின் கதையும் 1970களில் மறுபதிப்புக் கண்டு ஆய்வாளர் கைகளை எட்டியது. ஆனால், மாணவர் கைகளை எட்டியதா?

ஒரு பின்தங்கிய சமூகத்துக்குப் பாடசாலை வேண்டும், பத்திரிகை வேண்டும், தன்னை உயர்ந்தவனாகக் காணத் தக்க ஒரு கதையும் வேண்டும் என அவர் கண்டார். மூன்றையும் தாமே செய்தார். நமது தோட்டப்புறத்து மக்களுக்காகக் கோ. நடேசய்யர் 1920களில் பத்திரிகை நடத்தியபோது சென்ற வழியும் ஏறத்தாழ இதுவே. கண்டியிலிருந்து கெய்ரோவரை கனவு கண்ட அந்தப் பிரக்கிராசியை, நூலகத்தில் அவருடைய நூல் கிடைக்குமாயின், ஒருமுறை எடுத்துப் படியுங்கள். படித்தபின் பக்கத்து வீட்டாருக்கும் கொடுங்கள்; அவர் எந்தச் சமூகத்தவராயினும்.