தோரேயின் இருட்டும் பிளேக்கின் சூரியனும்

தாந்தேயின் ‘டிவைன் காமெடி’ என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது குஸ்தாவ் தோரேயின் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். செலவுக்கு அஞ்சிப் பதிப்பகம் தயங்கியபோது, சொந்தப் பணத்தைப் போட்டு 1861இல் நரகப் பகுதியைக் கொண்டுவந்தார் தோரே. அது நன்றாக விற்றது. மற்ற இரு பகுதிகளும் 1868இல் வந்தன. முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே லண்டனில் வில்லியம் பிளேக் இதே காவியத்தை வரைந்திருந்தார். 1824இல், ஓவியர் ஜான் லின்னெல் கேட்டுக்கொண்டதன் பேரில் தொடங்கியபோது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. 1827இல் இறக்கும்வரை 102 நீர்வண்ணப் படங்கள். பல அரைகுறையாகவே நிற்கின்றன.

இருவரையும் எடைபோட நரகத்தின் ஐந்தாம் காண்டம் போதும். கணவனின் சகோதரன் பாவ்லோவைக் காதலித்தவள் பிரான்செஸ்கா. கணவன் கையால் கொலையுண்ட அந்த இருவரும் ஓயாத சூறைக்காற்றில் சுழல்கிறார்கள். அவள் கதையைக் கேட்டு, காவியத்தில் நரகத்தின் வழியே பயணிக்கும் தாந்தே மயங்கி விழுகிறார்.

தோரேயிடம் இருட்டே பெரும்பகுதி. உயிர்களின் கூட்டம் புகைபோல வளைந்து செல்ல, வெளிறிய இரு உடல்கள் மட்டும் துலங்குகின்றன. அவர் மரக்கட்டையில் தூரிகையால் வரைவார். பிசான் போன்ற செதுக்குக் கலைஞர்கள் அதை நுண்கோடுகளாக வெட்டுவார்கள். வெட்டிய இடம் தாளில் வெள்ளையாக நிற்கும். அதனால்தான் அவருடைய ஒளி இருட்டைக் கீறிக்கொண்டு வருகிறது. காவியம் சொன்னதை அப்படியே நம் கண்முன் நிறுத்துகிறார். தீர்ப்பைக் கேள்வி கேட்பதில்லை.

பிளேக் கேட்கிறார். அவருடைய சூறைக்காற்று பெருஞ்சுருளாக எழுகிறது. அதற்குள் உடல்கள் ஒன்றையொன்று பற்றியபடி மிதக்கின்றன. தாந்தே தரையில் கிடக்க, அருகே நிற்கும் அவருடைய வழிகாட்டி வர்ஜிலின் தலைக்கு மேல் ஓர் ஒளிவட்டம். அதற்குள் அதே காதலர்கள் தழுவி நிற்கிறார்கள். இந்த வட்டம் காவியத்தில் கிடையாது. மன்னிப்பே மதத்தின் உயிர் என்று நம்பிய பிளேக்கால், முடிவற்ற தண்டனையை ஏற்க முடியவில்லை. தான் போற்றிய கவிஞரோடு அந்த வட்டத்தை வரைந்தே வாதாடுகிறார். எனக்கு இந்தத் துணிவுதான் பெரிது.

சொர்க்கத்தில் தோரே முந்திவிடுகிறார் என்பதையும் சொல்லவேண்டும். வானவர்கள் வட்டம் வட்டமாகச் சூழ்ந்த ஒளியின் முன், முதுகைக் காட்டி நிற்கும் இரண்டு சிற்றுருவங்கள்: அந்த விரிவு பிளேக்கிடம் இல்லை. ஆனால் ஐந்தாம் காண்டம் பிளேக்குக்கே உரியது.

1918இல் ஏலம் போன பிளேக்கின் படங்களில் 36 இன்று மெல்பர்னில் உள்ளன. காதலர்களின் சூறைக்காற்றைப் பார்க்க பர்மிங்ஹாம் அருங்காட்சியகத்துக்குத்தான் போகவேண்டும்.