ஊசியும் நூலும் காத்த வீடு

பழைய கட்டடங்களோட படம் கிடைச்சா நான் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்துடுவேன். வீட்டுல திட்டு வாங்கறது தனிக்கதை. அப்படி ஒருநாள் மாட்டினதுதான் மணிலாவில் இருந்த ஐடியல் தியேட்டர் படம். கோவில் மாதிரி தூண், பூ வேலைப்பாடு எதுவும் கிடையாது. நேர்கோடும் வழவழப்பான சுவரும்தான். கட்டினது 1933-ல்னு படிச்சதும் நம்பவே முடியலை. யாருப்பா இந்த ஆளுன்னு தேடப் போய்க் கிடைச்ச பேரு பாப்லோ அந்தோனியோ.

மனுஷர் பிறந்தது 1901-ல், மணிலாவின் பினோண்டோ பகுதியில். பன்னிரண்டு வயசுல பெத்தவங்களை இழந்துட்டார். பகல்ல வேலை, ராத்திரியில படிப்புன்னு பள்ளிக்கூடத்தை முடிச்சார். அப்புறம் மப்புவா கல்லூரியில் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்து பாதியிலேயே விட்டுட்டார். அப்போ மணிலாவில் சட்டமன்றக் கட்டடம் எழும்பிக்கிட்டு இருந்தது. அந்த வேலையில் சேர்ந்தார். அங்கே பொறுப்பில் இருந்த பொறியாளர் ரமோன் அரெவாலோ, பையனோட திறமையைப் பார்த்துட்டுத் தன் செலவுல லண்டன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி வெச்சார். ஐந்து வருஷப் படிப்பை மூணே வருஷத்துல முடிச்சு, 1927-ல் பட்டம் வாங்கினார் அந்தோனியோ. (நானும் ஒரு டிகிரி முடிச்சேன். எத்தனை வருஷத்துலன்னு மட்டும் கேக்காதீங்க.)

அந்தக் காலத்து மணிலாவில் அரசாங்கக் கட்டடம்னா அமெரிக்கர்கள் கொண்டுவந்த பாணிதான். ரோமாபுரி மாதிரி பெரிய தூண்கள், முகப்பில் சிற்பங்கள். அந்தோனியோ அதையெல்லாம் ஒதுக்கி வெச்சார். வெயில் எந்தப் பக்கம் அடிக்குது, காத்து எந்தப் பக்கம் வருது, மழைச்சாரல் உள்ளே வராம எப்படித் தடுக்கறது, இதுதான் அவரோட கணக்கு. தேவையில்லாத அலங்காரம் எதுக்குன்னு கேட்டவர்.

ஐடியல் தியேட்டரைப் பார்த்து அசந்துபோனவர்களில் ஒருவர் நிகனோர் ரெயெஸ். ஃபார் ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். தன் வளாகம் நவீனமா இருக்கணும்னு அந்தோனியோவைக் கூப்பிட்டார். 1938-ல் ஆரம்பிச்ச வேலை 1950 வரைக்கும் போச்சு. நடுவுல என்ன நடந்ததுன்னு தெரிஞ்சா மனசு கனத்துப் போகும். 1945 பிப்ரவரியில் மணிலாவை மீட்க நடந்த சண்டையில் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் செத்துப்போனாங்க. ஜப்பானியப் படையால் கொல்லப்பட்டவர்களில் ரெயெஸும் அவர் மனைவியும் உண்டு. அந்தோனியோ வேலை பார்த்த சட்டமன்றக் கட்டடமும் குண்டு வீச்சில் நொறுங்கி, போருக்கு அப்புறம் திரும்பக் கட்டப்பட்டது. கூப்பிட்டவரே போன பிறகும், அந்தோனியோ அதே வளாகத்துக்குத் திரும்பி வந்து மிச்சக் கட்டடங்களை எழுப்பினார்.

அதே போருக்குப் பிந்திய வருஷங்களில்தான் மணிலாவை ஒட்டின பசாய் நகரத்துல, ஸமோரா தெருவுல, தன் குடும்பத்துக்காக ஒரு வீடு கட்டினார். ஊருக்கெல்லாம் கட்டின கையால தனக்குன்னு கட்டின வீடு. அவர் மனைவி மரீனா சும்மா ஆள் இல்லை, பேர் போன ஆடை வடிவமைப்பாளர். அந்த வீட்டுல வரைபடமும் உண்டு, கல்யாணக் கவுன் துணியும் உண்டு. பிள்ளைகளில் பாப்லோ ஜூனியர் அப்பா வழியில் கட்டடக்கலைக்குப் போனார். மகள் மாலு வெலோஸோ அம்மா வழியில் ஊசியைக் கையில் எடுத்தார். பேரப்பிள்ளைகள் காலத்துல அதே வீட்டுல, முன்பதிவு செய்து வர்றவங்களுக்குச் சாப்பாடு போட்டு, வீட்டையும் சுத்திக் காட்ட ஆரம்பிச்சாங்க.

1975-ல் அந்தோனியோ காலமானார். அடுத்த வருஷமே தேசியக் கலைஞர் விருது கொடுத்தாங்க. பிலிப்பைன்ஸில் ஒரு கலைஞருக்குக் கிடைக்கற உச்ச மரியாதை அது. சரி, அந்த மரியாதை அவரோட கட்டடங்களைக் காப்பாத்துச்சா? எழுபதுகளின் கடைசியிலேயே ஐடியல் தியேட்டரை இடிச்சுட்டாங்க. விருதோட மை கூடக் காய்ஞ்சிருக்காது.

தேசியக் கலைஞர்களின் படைப்புகளை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாகக் கருதணும்னு சொல்ற சட்டம் (10066-ஆம் எண் சட்டம்) கையெழுத்தானது 2010-ல்தான். தியேட்டர் போய் முப்பது வருஷம் கழிச்சு!

எனக்குத் தோணுறது இதுதான். ஸ்பானியர் காலத்து மர வீட்டைப் பார்த்தா யாருக்கும் இது பழசு, பத்திரமா வைக்கணும்னு தோணும். அந்தோனியோ கட்டினது கான்கிரீட். அலங்காரம் வேண்டாம்னு சொன்னாரே, அதுவே வினையாப் போச்சு. அருமை தெரியாதவன் கண்ணுக்கு அது பாரம்பரியமாத் தெரியாது, சுண்ணாம்பு உதிர்ந்த பழைய கட்டடமாத்தான் தெரியும். அடுத்து வர்றது புல்டோசர்.

தப்பிச்சது எதுன்னு பாருங்க. பல்கலைக்கழகத்துக்கு வருஷா வருஷம் பசங்க படிக்க வந்தாங்க, நிர்வாகமும் அக்கறையாப் பராமரிச்சது. 2005-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிஃபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் அந்த வளாகத்துக்குச் சிறப்புக் குறிப்பு கிடைச்சது. பசாய் வீட்டுல தையலும் சமையலும் நடந்தது. கொட்டகைக் கட்டடம்தான் நாதியில்லாமப் போச்சு. ஜன்னலைத் தினமும் திறந்து மூட ஒரு ஆள் இருக்கற வரைக்கும்தான் வீடு வீடா இருக்கும். சட்டம் வந்து கூட்டிப் பெருக்காது.

உச்ச விருது வாங்கின கட்டடக்கலைஞரோட வீட்டைக் காப்பாத்தினதுல பெரிய பங்கு ஒரு தையல்காரம்மாவுக்கும் அவங்க வழி வந்த பொண்ணுங்களுக்கும். வரலாற்றுப் புத்தகத்துல அந்தோனியோ பேருக்குக் கீழே தடியா கோடு போடறவங்க, மரீனா பேருக்குக் கீழேயும் மெல்லிசா ஒரு நூல் ஓட்டலாம்.

மணிலா பக்கம் போனவங்க யாராவது இருந்தா, அந்தப் பல்கலைக்கழகத்தைப் பார்த்தீங்களான்னு சொல்லுங்க. நான் இன்னும் படத்தோடதான் காலம் தள்ளிக்கிட்டு இருக்கேன்.